ஹட்டன் கடைத்தெருவின் வாக்கில்லாத வாடிக்கையாளர்கள்

ஹட்டன் நகரின் வாகன நெரிசலைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் மூன்று யோசனைகள் தவறாமல் முன்வைக்கப்படுகின்றன. நடைபாதை வியாபாரிகளை அகற்ற வேண்டும். முச்சக்கரவண்டிகளைக் குறைக்க வேண்டும். வீதியை அகலப்படுத்த வேண்டும். மலையகச் செய்திகளைப் பல்லாண்டு காலம் எழுதியும் திருத்தியும் வந்தவன் என்ற வகையில், இம்மூன்றையும் எத்தனை முறை அச்சில் கண்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. நகருக்கு வருவோர் யார், எதற்காக வருகிறார்கள், ஏன் எல்லோரும் ஒரே நாளில் வருகிறார்கள் என்ற கேள்விகள் மட்டும் அவற்றில் இடம்பெறுவதே இல்லை. நெரிசலை அளப்பவர்கள் வாகனத்துக்குள் அமர்ந்து அளக்கிறார்கள். கையில் பையும் இடுப்பில் பிள்ளையுமாக வீதியோரம் நடக்கும் பெண்ணின் இடத்தில் நின்று எவரும் அளப்பதில்லை.

மலையகத்தை நேரில் காணாத வாசகர்களுக்காக நகரின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். அவிசாவளையில் தொடங்கி நுவரெலியா வரை செல்லும் ஏ-7 நெடுஞ்சாலை ஹட்டன் நகரை ஊடறுத்துப் போகிறது. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் ரயில் பாதையும் பள்ளமும். இடையே கிடைத்த ஒடுங்கிய நிலத்தில் கடைகள், வங்கிகள், பாடசாலைகள், கோயில், பள்ளிவாசல், விகாரை, பஸ் நிலையம் யாவும் நெருக்கியடித்துக் கொண்டு நிற்கின்றன. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா ஆகிய பகுதிகளுக்குச் செல்லும் வீதியும் இங்கிருந்துதான் பிரிகிறது. அந்த வீதியின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களில் வாழும் மக்களுக்கு ஹட்டன்தான் ‘டவுன்’. அவர்களுடைய பேச்சில் ‘டவுனுக்குப் போறேன்’ என்றால் வேறு ஊர் பொருள்படாது.

இந்த நகரங்கள் தொழிலாளருக்காக உருவானவை அல்ல. 1884இல் ரயில் ஹட்டனை எட்டியது. மறு ஆண்டு நானுஓயாவுக்குப் போனது. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கவும், அரிசியையும் ஆட்களையும் மலைக்கு ஏற்றவும் போடப்பட்ட பாதை அது. 1888இல் தோட்டத்துரைமார்களின் தேவைக்காக ஒரு சிறு வங்கி ஹட்டனில் தொடங்கப்பட்டது. 1970இல் வேறொரு வங்கியின் கிளைகளையும் இணைத்துக் கொண்டு ஹட்டன் நஷனல் வங்கியாக வளர்ந்தது அதுவே. கொழும்பில் 1844இல் தோன்றிய கார்கில்ஸ் நிறுவனம் நுவரெலியாவில் நடத்திய கடையும் அக்காலத்தில் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கானது. அந்தப் பழைய கட்டடம் இன்றும் நகரின் நடுவில் நிற்கிறது. ஒரு காலத்தில் கொழுந்து பறிக்கும் பெண் எட்டிப் பார்க்கவும் தயங்கிய அதே பெயர்ப்பலகையின் கீழ், இன்று அவளுடைய பேத்தி கூடையை எடுத்துக் கொண்டு தானே பொருள் தெரிந்தெடுக்கிறாள். மலையகத்தின் சமூக மாற்றத்தை ஆராய்பவர்கள் இந்தக் காட்சியைப் புறக்கணித்து விடக் கூடாது.

அந்தப் பாட்டியின் காலத்தில் ‘கடைக்குப் போவது’ என்ற செயலே அரிதாக இருந்தது. அரிசியைத் தோட்ட நிர்வாகமே வழங்கி, அதன் பெறுமதியைச் சம்பளத்தில் கழித்துக் கொண்டது. மிளகாய், உப்பு, கருவாடு, துணிமணி ஆகியவற்றுக்குக் கங்காணியோடு தொடர்புடைய தோட்டக்கடை. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போகவும் இயலாது. தொழிலாளியின் கடனைக் குறித்துக் கொடுக்கும் ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை நடைமுறையில் இருந்தது. துண்டு ஒழிந்தாலும் கடைக்காரரின் கணக்குக் கொப்பி ஒழியவில்லை. நான் இளம் நிருபராக லயங்களுக்குச் சென்று வந்த நாட்களில், வீட்டுச் சுவரில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கொப்பி ஆணியில் தொங்கியதைக் கண்டிருக்கிறேன். என்ன வாங்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். என்ன எழுதப்பட்டது என்பது எழுதியவருக்கே தெரியும்.

அந்த நிலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பிள்ளைகள் படித்தார்கள். இளைஞர்கள் கொழும்புக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை தேடிப் போனார்கள். பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போனார்கள். தோட்டத்தில் பெயர் பதிந்து உழைப்போர் குறைந்தபோதும், தோட்டத்து வீடுகளுக்கு வந்து சேரும் பணத்தின் வழிகள் பெருகின. முச்சக்கரவண்டி வந்தது. முன்பு தலையில் சுமந்து மேடேறிய மாவு மூட்டை ஆட்டோவின் பின்னிருக்கையில் ஏறியது. இன்று ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களின் கடைத்தெருக்களை வாழ வைப்பவர்கள் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் இந்த மக்களே. பெருநாட்களில் இதை எவரும் மறுப்பதில்லை. தீபாவளி முற்பணம் கையில் கிடைக்காத ஆண்டில் துணிக்கடை முதலாளிகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பல்பொருள் அங்காடிகளின் வருகையைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் உண்டு. சிறு கடைகளை அவை விழுங்கி விடும் என்பது ஒன்று. நகரம் முன்னேறி விட்டது என்பது மற்றொன்று. எனது பார்வை இரண்டுக்கும் நடுவிலானது. விலை ஒட்டப்பட்ட பொருள், அச்சிட்ட பற்றுச்சீட்டு, வரிசையில் நின்றால் முறை வரும் என்ற உறுதி ஆகிய மூன்றும் தோட்டத்து மக்களுக்குச் சிறிய விடயங்கள் அல்ல. ‘என்னா வேணும், சீக்கிரம் சொல்லு’ என்று ஏகவசனத்தில் விரட்டப்பட்டவர்கள், எவரிடமும் கேட்காமல் பொருளைக் கையிலெடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டும் வரலாம் என்பதில் ஒரு சுயமரியாதை இருக்கிறது. மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்காடியில் கடன் கிடையாது. கொழும்பில் உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, ரொட்டிக்குக் கோதுமை மா வாங்கவே திண்டாடிய குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தவை சந்தியிலிருந்த சிறு கடைகள்தாம். கணக்குக் கொப்பி அடிமைத்தனத்தின் அடையாளமாகவும் இருந்திருக்கிறது. பசி நாளில் துணையாகவும் இருந்திருக்கிறது. இரண்டையும் அறிந்தவர்கள், ஒன்று போய் மற்றது வரட்டும் என்று எளிதாகச் சொல்ல மாட்டார்கள்.

சிறு கடைகள் அழியக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1983 ஜூலையில் நுவரெலியா நகரில் தமிழர் கடைகள் தீக்கிரையாயின. அக்கடைகளை மீண்டும் எழுப்பியவர்களும் இருக்கிறார்கள். ஊரை விட்டே சென்றவர்களும் இருக்கிறார்கள். மலையகக் கடைத்தெருவில் ஒரு தமிழ்ப் பெயர்ப்பலகை நிற்பதற்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. வீதி அபிவிருத்தி என்ற பெயரால் அதைப் பெயர்க்க வருபவர்கள் அந்த வரலாற்றையும் தெரிந்து கொண்டு வருவது நல்லது.

இனி நெரிசலுக்கு வருவோம். தோட்டங்களில் மாதச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வழங்கப்படுவது நெடுநாள் வழக்கம். வேலை நாட்களில் பெரட்டுக்குப் போக வேண்டியிருப்பதால் நகருக்கு வர ஞாயிற்றுக்கிழமையே வாய்ப்பு. ஆகவே சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறன்று ஒரு மாதத்துக் கொள்வனவு முழுவதும் ஒரே வீதியில் ஒரே பகலில் நடக்கிறது. அடகு வைத்த நகை, மருந்து, பிள்ளையின் சப்பாத்து, தொலைபேசி மீள்நிரப்பு, மாதத்துக்கான மா என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பகல்தான். மாலையில் தோட்டத்துக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸைத் தவற விட்டால் ஆட்டோ பிடிக்க வேண்டும். உள்தள்ளிய தோட்டங்களுக்கு அந்த ஒரு பயணமே நாட்சம்பளத்தில் பெரும்பகுதியைக் கரைத்து விடும்.

அந்த நாட்சம்பளம் எவ்வளவு என்பதையும் வெளிநாட்டு வாசகர்கள் அறிய வேண்டும். 2021இல் 1000 ரூபாவுக்காக நடந்த போராட்டம் பலருக்கும் நினைவிருக்கும். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவானது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதை 1550 ரூபாவாக உயர்த்தி, வேலைக்கு வரும் நாளொன்றுக்கு அரசின் பங்காக மேலும் 200 ரூபா வழங்குவதாக அறிவித்தது. இந்தத் தொகையில் பயணச் செலவைக் கழித்துத்தான் ‘டவுனுக்குப் போவது’ இலாபமா நட்டமா என்று ஒரு குடும்பம் கணக்கிட வேண்டும்.

இத்துடன் பருவகாலச் சுமையும் சேர்கிறது. டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வரும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் ஹட்டன் வழியாகவே நல்லதண்ணிக்குச் செல்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் வசந்தகாலம். 1868 மீற்றர் உயரத்திலுள்ள அந்தச் சிறு நகரம், கிரகரி வாவியைச் சுற்றி ஊர்ந்து செல்லும் வாகனங்களால் மூச்சுத் திணறுகிறது. இரண்டு காலங்களிலும் மரக்கறி லொறிகள் ஓட வேண்டும். கொழுந்து லொறிகள் தொழிற்சாலையை அடைய வேண்டும். அம்புலன்ஸ் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்து விடப்பட்டது. எனவே வாகனங்கள் கூடும். மலை அகலமாகப் போவதில்லை.

இந்த வீதிகளில் தாமதம் மட்டும் நேர்வதில்லை, உயிரும் போகிறது. 2023 ஜனவரியில் நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸொன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் இறந்தனர். 2024 டிசம்பரில் ஹட்டன், மல்லியப்பு பகுதியில் தனியார் பஸ் கவிழ்ந்து மூவர் உயிரிழந்தனர். 2025 மே மாதத்தில் கொத்மலை, கெரண்டிஎல்லயில் பள்ளத்தில் விழுந்த பஸ் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அதை விசாரணைகளே சொல்ல வேண்டும். ஆனால் மலைநாட்டு வீதிகளில் பயணத்தின் தூரத்தையும் எண்ணிக்கையையும் குறைப்பது தன்னளவிலேயே ஓர் உயிர்காப்பு நடவடிக்கை என்பதில் எனக்கு ஐயமில்லை.

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் இதே பாடத்தை வேறு விதமாகப் போதித்தது. மண்சரிவுகளால் நுவரெலியா மாவட்டத்தின் வீதிகள் துண்டிக்கப்பட்டன. மலையக ரயில் பாதை சிதைந்தது. பெரிய அங்காடிகளின் சரக்கு கீழ்நாட்டுக் களஞ்சியங்களிலிருந்து லொறியில் வர வேண்டும். வீதி போனால் அலுமாரி வெறுமையாகும். ஒரு மாவட்டத்தின் உணவு இரண்டொரு நெடுஞ்சாலைகளில் தொங்கிக் கொண்டிருப்பதன் ஆபத்தை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல முடியாது. சிறு கடைவீதிகள், கூட்டுறவுக் கடைகள், தோட்டத்துக்கு அண்மையிலுள்ள சேமிப்பு ஆகியவை பழமைவாதிகளின் ஆசை அல்ல, இடர்க்காலப் பாதுகாப்பு.

இவ்வளவு தெரிந்தும் ஏன் நிலைமை மாறவில்லை? என் பதில் எளிமையானது. ஹட்டன் - டிக்கோயா நகரசபையின் வாக்காளர்கள் நகர எல்லைக்குள் வசிப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை வீதியை நிரப்புபவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த எல்லைக்கு வெளியே, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அம்பகமுவ பிரதேச சபைகளின் வாக்காளர்கள். 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலிலும் அவர்கள் வேறு சபைகளுக்கே வாக்களித்தார்கள். நகரின் வருமானத்துக்கு அவர்கள் வேண்டும். நகரின் தீர்மானங்களில் அவர்களுக்குக் குரலில்லை. கழிப்பறை எங்கே கட்டுவது, பஸ் எங்கே நிற்பது, ஆட்டோவை எந்தச் சந்திக்குத் தள்ளுவது என்ற முடிவுகள் யாவும், அவற்றைப் பயன்படுத்துவோரிடம் வாக்குக் கேட்க வேண்டிய தேவையில்லாதவர்களால் எடுக்கப்படுகின்றன.

அவர்களுடைய சொந்தப் பிரதேச சபைகளாவது உதவினவா என்றால், அதற்கும் நீண்ட காலம் சட்டமே தடையாக இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குள் சபை நிதியைச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியது. வாக்கு வாங்கலாம், வீதி போட முடியாது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தலா இரண்டு இலட்சம் மக்களைச் சுமந்து கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டதும் அதே ஆண்டுத் தேர்தலின்போதுதான். முப்பது ஆண்டுத் தாமதத்தின் விலையை இன்றைய தோட்ட வீதிகளில் ஒவ்வொரு குழியும் சொல்கிறது.

நகரை மாற்றியமைக்க இயலாது என்று மட்டும் எவரும் சொல்ல வேண்டாம். மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரமே நீருக்குள் சென்றது. புதிய மஸ்கெலியா வேறிடத்தில் எழுப்பப்பட்டது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய நகரின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டும். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையின் ஆற்றோரக் குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்டபோது நகரங்கள் நகர்ந்தன. மலையக மக்களுக்கு நிற்க ஒரு நிழற்குடை தேவைப்படும்போது மட்டும் ‘இடமில்லை’ என்ற பதில் வருவது நியாயமா?

பெரிய வணிக வளாகமும் பெரிய வாகனத் தரிப்பிடமும் கட்டினால் தீரும் என்று நம்புவோர் உலக அனுபவத்தையும் பார்க்க வேண்டும். 1956இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் என்ற மூடிய வணிக வளாகத்தை வடிவமைத்தவர் விக்டர் குரூன். புறநகரில் மக்கள் நடந்து திரியும் ஒரு நகர மையத்தை உருவாக்குவதே அவருடைய எண்ணம். உருவானதோ நாலாபுறமும் கார்கள் நிற்கும் கடைப்பெட்டி. பிற்காலத்தில் அவரே அத்தகைய வளாகங்களைக் கைகழுவி விட்டார். ஸ்காபரோவிலும் ஹரோவிலும் வாழும் நம்மவர்களுக்கு, கார் இல்லாமல் கடைக்குப் போவதன் சிரமம் புதிதல்ல. கார் இல்லாத பெரும்பான்மையினர் வாழும் மலையகத்தில் அந்த மாதிரியைப் பின்பற்றுவது யாருக்கு உதவும்?

எனது யோசனைகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலாவதாக, சம்பள நாட்களைக் கம்பனிகளுக்கிடையே சில நாட்கள் இடைவெளியுடன் பிரிக்கலாம். சட்டப்படியான கால எல்லைக்குள்ளேயே இதைச் செய்யலாம், செலவில்லை. இரண்டாவதாக, சம்பளத்தை ஒட்டிய ஞாயிறுகளிலும் தீபாவளி, தைப்பொங்கல் வாரங்களிலும் தோட்டங்களுக்கு மாலைநேர மேலதிக பஸ்களை இலங்கைப் போக்குவரத்துச் சபை ஓட்ட வேண்டும். கடைசி பஸ் ஆறு மணிக்குப் பதில் எட்டு மணிக்கு என்று உறுதியானால் பகல் நெரிசல் தானே கலையும். மூன்றாவதாக, சரக்கு லொறிகள் அதிகாலையிலேயே பொருளிறக்கி முடிக்க வேண்டும் என்ற விதி கண்டிப்புடன் அமுலாக வேண்டும். நடைபாதை வியாபாரி பிடிக்கும் இடத்தைவிடப் பகலில் பொருளிறக்கும் ஒரு லொறி பிடிக்கும் இடம் பலமடங்கு.

நான்காவதாக, நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா, கொட்டகலை போன்ற சிறு கடைவீதிகளில் வங்கிச் சேவை, அடகு, மருந்தகம், அரச அலுவல்கள் ஆகியவற்றை முழுமையாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். ஒரு பத்திரத்தில் முத்திரை குத்துவதற்காக ஹட்டனுக்கு வருபவர் அங்கே இருக்கும்வரை நெரிசலின் ஒரு பகுதிதானே. ஐந்தாவதாக, மிக முக்கியமாக, நகரசபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் இணைந்த ஒரு நிரந்தரக் குழு வேண்டும். நகரின் பஸ் நிலையம், கழிப்பறை, சந்தை, தரிப்பிடம் குறித்த எந்தத் தீர்மானமும் அங்கே பேசப்பட்ட பிறகே நடைமுறைக்கு வர வேண்டும். அந்தக் குழுவில் தோட்டப் பெண்கள் இருப்பது அவசியம். மாதக் கொள்வனவைச் செய்பவர்களும் மணிக்கணக்கில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும் அவர்களே.

இந்த யோசனைகளுக்கு எதிர்ப்பும் வரும். சம்பள நாளைப் பிரித்தால் பெருவியாபாரம் குறையும் என்று சில வணிகர்கள் அஞ்சலாம். ஒரே நாளில் கூட்டத்தைக் கண்டு பாதிப் பொருளோடு திரும்பிப் போகும் வாடிக்கையாளர் அமைதியான நாளில் முழுப் பட்டியலையும் வாங்குவார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பிற்பகலில் சரக்கு இறக்க முடியாமற் போவது லொறிக்காரர்களுக்குச் சிரமம் என்பது உண்மை. அதற்கு நகருக்கு வெளியே ஒரு இறக்குமிடம் தேவைப்படும், அதற்குப் பணமும் தேவைப்படும். வீதியை அகலப்படுத்தக் கட்டடங்களை இடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையல்ல என்பதே எனது துணிபு. முச்சக்கரவண்டிச் சாரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் எரிபொருள் வாரத்துக்கு ஐந்து லீற்றர் என்று அளந்து கொடுக்கப்பட்டபோது, அந்த ஐந்து லீற்றரில் தோட்டத்துக் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர்கள் அவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களைத் தொல்லையாக மட்டும் பார்க்கும் எந்தத் திட்டமும் வெற்றி பெறாது.

2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. முன்னோர் நடந்த வழியை மதித்த நாடு, அவர்களுடைய சந்ததியினர் ஞாயிறு தோறும் நடக்கும் வழியையும் மதிக்கக் கடமைப்பட்டுள்ளது. ஹட்டன் நகரசபைக் கூட்டத்தில் அடுத்த முறை நெரிசல் பற்றிய பிரேரணை வரும்போது, முதல் கேள்வியாக இதைக் கேட்க ஒரு உறுப்பினராவது முன்வர வேண்டும்: நோர்வூட்டிலிருந்து பையோடு வந்து இறங்கும் அம்மாவுக்கு இந்தத் தீர்மானத்தால் என்ன கிடைக்கும்? பதில் இல்லையென்றால், அந்தப் பிரேரணையைத் திருப்பி அனுப்பி விடலாம்.